முன்வரிசையில் இருத்தப்பட்டவர்

எங்கள் மிஷனின் ஆண்டறிக்கையில் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது. "சுகமளிக்கும் ஆராதனையில் மாற்றுத்திறனாளிகள் பதினொருவர் முன்வரிசையில் அமர்ந்து ஆசீர்வாதம் பெற்றனர்." அந்த வரியைப் பொய் என்று சொல்லமுடியாது. பதினொரு சக்கர நாற்காலிகளையும் நான் எண்ணினேன். முன்வரிசைதான். அமர்ந்துதான் இருந்தார்கள். ஆனால் அந்தப் பதினொருவரில் ஒருவர் அன்று ஒரு நிமிடங்கூட அமர்ந்திருக்கக் கூடாதவர். அது எங்கள் போதகருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆண்டறிக்கைக்குத்தான் தெரியாது. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் நூலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். நாளும் கிழமையும் நேரமும் குறித்து வைப்பது நெடுநாள் பழக்கம். மழை பெய்த நாள், பஸ் வராத நாள், குளத்தின் கதவு திறந்த நாள் எல்லாம் தடித்த மட்டை போட்ட என் சீ.ஆர். கொப்பிகளில் இருக்கின்றன. ஓய்வுக்குப் பிறகு மிஷனின் இரக்கப் பணிக் குழுவில் சேர்ந்தேன். குழு என்றதும் பெரிய கூட்டமாக நினைக்கவேண்டாம். ஓய்வு பெற்ற தாதி ஒருவர், நான், என்னுடைய மோட்டார் சைக்கிள். படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்குச் செவ்வாயும் வெள்ளியும் போவோம். புண்ணைக் கழுவி மருந்து கட்டுவது தாதியின் வேலை. தண்ணீர் கொதிக்கவைப்பது, ஆளைப் பிடித்துக்கொடுப்பது, எழுதி வைப்பது என்னுடைய வேலை.

நான் சொல்லவந்தவர் கிளிநொச்சிக்குக் கிழக்கே தர்மபுரத்தில் இருக்கிறார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவருடைய பேச்சு வன்னிப் பேச்சாக மாறிவிட்டது, மனைவியுடையது மாறவில்லை. அவர்கள் சைவர்கள். வீட்டுக்குள் பிள்ளையார் படம் இருக்கிறது, அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. போரின்போது உடையார்கட்டில் ஷெல் துண்டு முதுகில் பட்டதிலிருந்து இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வு இல்லை. ஆனால் தண்ணீர்ப் பம்பு திருத்துவதில் அந்தப் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. வீட்டு முற்றத்தில் ஒரு தகரக் கொட்டில். அதற்குள் சக்கர நாற்காலியின் உயரத்துக்கு அடித்த மேசை. பம்பை ஒருமுறை இழுத்து ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்டே எங்கே பிழை என்று சொல்லிவிடுவார்.

காலையில் நாற்காலியில் ஏறினால் பொழுதுபடும்வரை இறங்கமாட்டார். உணர்வில்லாத உடம்புக்கு எங்கே நோகிறது என்று தெரியாது. உட்காரும்போது பாரம் விழும் எலும்பின் மேல், இடப்பக்கத்தில், புண் வந்தது. மனைவி கண்டபோது அது தேநீர்க் கோப்பையின் வாயளவு இருந்தது. வைத்தியசாலையில் ஒரு மாதம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியர் சொன்னதை நான் கொப்பியில் எழுதியிருக்கிறேன்: புண் மூடும்வரை நாற்காலியில் இருக்கவே கூடாது. குப்புறப் படுக்கலாம், வலப்பக்கம் படுக்கலாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பவேண்டும். மூடித் தோல் உறுதியான பிறகு, நல்ல மெத்தை போட்டு, நாளுக்கு இரண்டு மணித்தியாலம் இருக்கலாம்.

இரண்டு மணித்தியாலம் கிடைத்தால் ஒரு பம்பு திருத்தலாம். அந்த வீட்டின் கணக்கு முழுவதும் அதில்தான் நின்றது. மனைவி நிலக்கடலை பிடுங்கப் போய்க்கொண்டிருந்தவர், கணவரைத் திருப்புவதற்காகக் கூலி வேலையை விட்டுவிட்டார். சித்திரையில் வெயில் ஏறும்போது பம்புகள் வரத் தொடங்கும். அதற்குள் புண் மூடவேண்டும்.

மார்கழி வாக்கில், கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நாங்கள் அங்கே போகத் தொடங்கினோம். தாதி எனக்கு ஒரு முறையைப் பழக்கினார். கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாளை ஸ்பிரிட்டால் துடைத்து, புண்ணுக்கு மேல் பிடித்து, விளிம்பைப் பேனையால் கீறி எடுக்கவேண்டும். தாளின் மூலையில் நாளை எழுதவேண்டும். இரண்டு கிழமைக்கு ஒரு தாள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று சிறுத்துக்கொண்டு போவது தெரியும். பழைய மிஷன் வைத்தியர்களின் குறிப்புகள் சிலவற்றை நான் வாசித்திருக்கிறேன். அவர்களும் புண்ணின் அளவை இப்படித்தான் விடாமல் எழுதினார்கள். அந்த வரிசையில் நானும் ஒருவன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

தவக்காலம் தொடங்கிய கிழமை, வெள்ளிக்கிழமை, குப்புறக் கிடந்தபடியே அவர் கேட்டார்.

"சேர், இண்டைக்கு என்ன சைஸ்?"

"பெருவிரல் நகத்தளவு."

"என்ர நகமோ, இவளின்ர நகமோ? இவளின்ர எண்டா இன்னும் சின்னன்."

மனைவி வாசலில் நின்றபடி, "எனக்கு நகம் எங்கங்க இருக்கு? சட்டி தேச்சுத் தேச்சுக் கரைஞ்சு போச்சு," என்றார்.

"சிரிச்சுக் குலுங்காதையும்," என்றார் தாதி, "கட்டு விலகுது."

"மிஸ், சித்திரைக்குள்ள மூடுமோ?"

"இப்பிடியே போனா மூடும். ஆனா ஒருநாள் எழும்பி இருந்தீரோ, திரும்ப மார்கழிக்குத்தான் போவீர்."

அதற்கடுத்த ஞாயிறு ஆராதனை முடிவில் போதகர் அறிவித்தார். தவக்காலத்தின் மூன்றாம் கிழமை கிளிநொச்சியில் எழுப்புதல் கூட்டம். வெளியூரிலிருந்து பெரிய பிரசங்கியார் வருகிறார். அந்தக் கிழமை எல்லாக் குழுக்களும் தங்கள் வேலையை நிறுத்திவிட்டு மைதானத்துக்கு வரவேண்டும். தாதிக்குச் சாப்பாட்டுப் பந்தல். எனக்கு வாசலில் பதிவுக் கொப்பி. சனிக்கிழமை சுகமளிக்கும் ஆராதனைக்குச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களின் பட்டியலும் தரவேண்டும் என்றார்.

பட்டியலை நான்தான் எழுதிக் கொடுத்தேன். பம்பு திருத்துபவரின் பெயருக்கு எதிரே "இருக்கக் கூடாது" என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தேன். அதன் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தக் கோடு போதும் என்று நான் நினைத்ததுதான் முதல் பிழை.

சனிக்கிழமை பிற்பகல் ஒன்றே முக்காலுக்கு ஹயஸ் வான் ஒன்று மைதானத்துக்குள் வந்தது. கதவு திறந்ததும் முதலில் தெரிந்தது அவருடைய முகம். வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலை இழுத்து, வேட்டி கட்டி இருந்தார். பக்கத்தில் மனைவி. பின்னால் மடித்த சக்கர நாற்காலி.

"எத்தனை மணிக்கு ஏத்தினவை?" என்று கேட்டேன்.

"பன்னெண்டு நாப்பதுக்குங்க," என்றார் மனைவி.

"ஏன் வந்தனீர்? மிஸ் என்ன சொன்னவா?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாஸ்டரே வீட்டை வந்து கேட்டவர், சேர். படுக்கிற மெத்தை மிஷன் ஆக்கள் தந்தது. வீல்செயார் அவை தந்தது. நீங்களும் மிஸ்ஸும் அவையின்ர ஆக்கள். மாட்டன் எண்டு எந்த வாயால சொல்லுறது?"

இந்தக் கேள்வி என்னைச் சுட்ட அளவுக்கு வேறெதுவும் சுட்டதில்லை. இலவசமாகக் கொடுத்தோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த ஒவ்வொன்றுக்கும் அவர் அன்று தன் தோலைக் கொடுக்க வந்திருந்தார். எங்கள் மெத்தையில் ஏறிப் படுத்த நாளிலேயே "மாட்டன்" என்ற சொல்லை அவரிடமிருந்து வாங்கிவிட்டோம். அது எங்கள் கண்ணில் படவேயில்லை.

மேடைக்குப் பக்கத்தில் போதகரைக் கண்டுபிடித்தேன். ஒலிபெருக்கிக்காரருடன் நின்றுகொண்டிருந்தார்.

"பாஸ்டர், தர்மபுரத்துக்காரரைக் கூட்டி வந்திருக்கினம். அவர் இருக்கக் கூடாது. பட்டியலில எழுதித் தந்தனான்."

"பாத்தனான் அண்ணை. ஒருநாள்தானே."

"ஒரு மணித்தியாலமும் கூடாது. ஒரு நீள வாங்கைப் போட்டுக் குப்புறப் படுக்க விடுவம்."

"முன்வரிசையில ஒராள் மட்டும் குப்புறக் கிடந்தா சனம் என்ன நினைக்கும்? கமெராவும் அங்கதான் நிக்குது." பிறகு என் தோளைத் தட்டினார். "கர்த்தருடைய சமுகத்தில இருக்கிறார், அண்ணை. கொஞ்சம் விசுவாசியுங்கோ."

என்னுடைய இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் சாப்பாட்டுப் பந்தலுக்கு ஓடித் தாதியைக் கூட்டிவந்திருப்பார்கள். அல்லது தாங்களே ஒரு வாங்கைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். நான் வாசலுக்குத் திரும்பினேன். அங்கே பதிவுக்குச் சனம் வரிசையில் நின்றது. நான் பெயர்களை எழுதினேன். நடுநடுவே மணியைப் பார்த்து, என் சட்டைப் பைக் கொப்பியில் நேரத்தையும் எழுதினேன். இரண்டு மணி, இருக்கிறார். மூன்று மணி, பாடல் தொடங்கியது, இருக்கிறார். நான்கரை, பிரசங்கம், இருக்கிறார். ஒரு மனிதனின் சதை எலும்புக்கும் சக்கரக் கதிரைக்கும் நடுவில் நசிந்துகொண்டிருந்தது. நான் அதற்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். போதகர்மேல் எனக்குள்ள கோபத்தை எழுதுகிறபோது இதையும் எழுதாவிட்டால் ஆண்டறிக்கைக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை.

ஆறு மணிக்குப் பிறகு பிரசங்கியார் மேடையிலிருந்து இறங்கி முன்வரிசைக்கு வந்தார். ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்தார். பம்பு திருத்துபவரிடம் வந்ததும் "எழுந்திரு" என்று சத்தமாகச் சொன்னார். தொண்டர்கள் இருவர் அவரைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கினார்கள். கால்கள் இரண்டும் நனைந்த துணிபோலத் தொங்கின. கூட்டம் "அல்லேலூயா" என்று கை தட்டியது. பிறகு தொண்டர்களுக்குக் கை ஓய்ந்திருக்கவேண்டும், அவரைக் கதிரையில் போட்டார்கள். மெதுவாக வைக்கவில்லை. இருக்கையில் அவர் சறுக்கி இறங்கியதை நான் வாசலிலிருந்து பார்த்தேன். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. விருந்துக்குப் போன வீட்டில் பிடிக்காத கறியைத் தின்கிறவனுடைய சிரிப்பு.

அவர் மறுபடியும் தன் படுக்கையில் குப்புறப் படுத்தபோது மணி ஏழரை. ஆறு மணித்தியாலமும் ஐம்பது நிமிடமும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி கட்டைப் பிரித்திருக்கிறார். தாதிக்கு நாலு தரம் போன் எடுத்திருக்கிறார். தாதியின் போன் சாப்பாட்டுப் பந்தலில், பைக்குள், பைக்கு மேல் வாழையிலைக் கட்டு. கூட்டத்தின் கடைசி நாள் அது. செவ்வாய்க்கிழமை நாங்கள் போனபோது வாசலிலேயே மணம் வந்தது. தாதி கட்டை எடுத்தார். விளிம்பு கறுத்திருந்தது. நடுவில் விரல் நுழையும் குழி. நான் தாளைப் பிடித்துக் கீறினேன். நகத்தளவாக இருந்த வளையம் என் உள்ளங்கை அளவுக்கு வந்திருந்தது.

"சேர், சைஸ்?" என்றார் அவர்.

"கொஞ்சம் பெருத்திருக்கு."

"பொய் சொல்லாதேங்கோ. இவள் ரெண்டு நாளா என்னோட சண்டை பிடிக்கேல்ல. அதிலயே எனக்கு விளங்கிட்டுது."

மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான்தான் போங்கன்னு சொன்னேன்," என்றார். "ஒருவேளை நடந்துட்டா என்னன்னு நினைச்சேன்."

அவரை நான் குறை சொல்லமாட்டேன். நடந்துவிடலாம் என்று அவரை நம்பவைத்தவர்கள் நாங்கள். துண்டுப்பிரசுரத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்து வீட்டு வாசலில் கொடுத்திருக்கிறோம்.

அன்றே கிளிநொச்சி வைத்தியசாலையில் சேர்த்தோம். கறுத்த சதையை வெட்டி எடுத்தார்கள். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய கிழமை மிஷனின் செயற்குழு கூடியபோது அவர் இன்னும் வைத்தியசாலை விடுதியில்தான் இருந்தார். நான் மார்கழியிலிருந்து எடுத்த தாள்கள் எல்லாவற்றையும் கொண்டுபோய் மேசையில் வரிசையாக வைத்தேன்.

"இதென்ன அண்ணை?" என்றார் செயலாளர்.

"ஒரு ஆளின்ர புண்."

"ஐயோ, மேசையில வையாதேங்கோ. தேத்தண்ணி வருது."

நான் நாட்களையும் நேரங்களையும் வாசித்தேன். போதகர் பொறுமையாகக் கேட்டார். கடைசித் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தார். பிறகு சொன்னார். "நாங்கள் ஒருத்தரையும் கட்டாயப்படுத்தேல்ல. அவர் விருப்பத்தோட வந்தவர். பலன் வராட்டி அதுக்குக் காரணம் எங்க எண்டு ஒவ்வொருத்தரும் தங்கட மனசைப் பாக்கவேணும்."

"அப்ப புண் பெருத்தது அவரின்ர விசுவாசக் குறைவோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்ல."

அவர் அப்படிச் சொல்லாமலே அப்படிச் சொன்னார். இனிமேல் படுக்கைப்புண் உள்ள எவரையும் எந்தக் கூட்டத்துக்கும் கொண்டுபோகக் கூடாது, எந்தக் கிழமையிலும் மருந்து கட்டுவதை நிறுத்தக் கூடாது என்று ஒரு தீர்மானம் எழுதச் சொன்னேன். செயலாளர் கூட்டக் குறிப்பில் எழுதியது இது: "சகோதரர் ஒருவர் சுகாதாரம் பற்றிச் சில கருத்துகளைத் தெரிவித்தார்." அடுத்த விடயம், கூட்டத்துக்கு வாடகைக்கு எடுத்த பந்தலைத் திருப்பிக் கொடுப்பது. அதற்கு அரை மணித்தியாலம் செலவிட்டார்கள்.

சித்திரையில் அவர் வீடு திரும்பினார். பம்புகள் வரத் தொடங்கின. முதல் கிழமை மூன்று, இரண்டாம் கிழமை ஐந்து. கொட்டிலுக்குள் கட்டிலைக் கொண்டுபோய்ப் போட்டு, அவர் அதில் குப்புறக் கிடந்து சொல்லச் சொல்ல மனைவி கழற்றினார். "அந்த நட்டை இல்லையடி, மற்றது. சாவியை மற்றப் பக்கம் பிடி." "எந்தப் பக்கம்னு கையக் காட்டிச் சொல்லுங்க, வாயாலயே சுத்தாதீங்க." சின்னத் திருத்தங்களை அப்படிச் செய்தார்கள். பெரிய வேலைகள் வந்தால் முடியவில்லை. கொண்டுவந்தவர்கள் ஓரிரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பயிர் வாடுகிறது என்று சொல்லி, பம்பை விசுவமடுவுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்களையும் குறை சொல்லமுடியாது.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. தாதிக்குக் காய்ச்சல், நான் தனியாகப் போயிருந்தேன். பத்து மணிபோல மிஷனின் வான் வந்தது. போதகரும் வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டு விருந்தினர்களும் இறங்கினார்கள். மெத்தைக்கும் நாற்காலிக்கும் உதவியவர்கள் இவர்கள்தான், ஒரு படம் எடுக்கவேண்டும், இரண்டு வார்த்தை சாட்சி சொல்லவேண்டும் என்றார் போதகர்.

கட்டிலில் கிடந்தவர் தலையை மட்டும் திருப்பினார். "சாட்சி பிறகு சொல்லுவம் பாஸ்டர். என்னைத் திருப்புற நேரம் வந்திட்டுது. இவளின்ர கை முழுக்கக் கிறீஸ். சேருக்கு நாரிப்பிடிப்பு, குனியேலாது. நீங்கள் ஒருக்காப் பிடிக்கிறீங்களோ?"

போதகர் தயங்குவார், தொண்டர் யாரையாவது தேடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் மணிக்கூட்டைக் கழற்றிப் பையில் போட்டார். கைகழுவத் தண்ணீர் கேட்டார். சட்டைக் கைகளை முழங்கைவரை மடித்துக்கொண்டு வந்து, ஒரு கையைத் தோளுக்குக் கீழும் மற்றக் கையை இடுப்புக்குக் கீழும் கொடுத்தார். இழுக்கவில்லை. தூக்கி, உருட்டி, வலப்பக்கமாக வைத்தார். முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்தார். குதிக்கால் மெத்தையில் முட்டாமல் மடித்த துணி ஒன்றைக் கீழே கொடுத்தார். பிறகு உள்ளங்கையை அவருக்குக் கீழே ஓட்டி விரிப்பின் சுருக்கத்தை நீவி எடுத்தார். அந்தக் கடைசி வேலையை எனக்குப் பழக்கத் தாதிக்கு ஒரு மாதம் பிடித்தது.

"எங்க பழகினீங்கள் பாஸ்டர்?" என்று கேட்டேன்.

"அப்பாவை நாலு வருசம் படுக்கையில வைச்சுப் பாத்தனான், அண்ணை," என்றார். குரலில் பெருமை இருந்தது. "கடைசிவரைக்கும் ஒரு புண் வரேல்ல."

அந்த நிமிடம்வரை அவருக்காக ஒரு நியாயம் என் மனதின் ஒரு மூலையில் இருந்தது. படித்தது வேதாகமம்தானே, உடம்பைப் பற்றி என்ன தெரியும், தெரியாமல் செய்துவிட்டார் என்று. நாலு வருடம் தன் தகப்பனின் தோலை விரிப்பின் சுருக்கத்திலிருந்துகூடக் காப்பாற்றியவர், என் பட்டியலில் இரட்டைக் கோட்டைப் பார்த்துவிட்டு, "ஒருநாள்தானே" என்றிருக்கிறார்.

"உங்கட அப்பாவை ஏழு மணித்தியாலம் கதிரையில இருத்தியிருப்பீங்களோ?" என்று கேட்டேன்.

விருந்தினர்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் பம்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். போதகர் சட்டைக் கைகளை இறக்கி, ஒவ்வொன்றாகப் பொத்தான் பூட்டினார்.

கட்டிலிலிருந்து அவர் சொன்னார். "விடுங்கோ சேர். பாஸ்டர் நல்லாத் திருப்பினவர். இவ்வளவு நாளில ஒருத்தரும் இப்பிடித் திருப்பேல்ல. பாஸ்டர், பன்னெண்டு மணிக்குத் திரும்பவும் திருப்பவேணும். நிப்பீங்களோ?"

"இவையை முல்லைத்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும்," என்றார் போதகர். "செவ்வாய்க்கிழமை வாறன்."

அந்தச் செவ்வாய் வந்தார். தனியாக, மோட்டார் சைக்கிளில் வந்து திருப்பிவிட்டுப் போனார். அதற்கடுத்த செவ்வாய் வரவில்லை. அதற்குப் பிறகு வந்த எந்தச் செவ்வாயிலும் வெள்ளியிலும் வரவில்லை. நான் ஒவ்வொன்றையும் எழுதியிருக்கிறேன்.

அன்று பன்னிரண்டு மணிக்கு நானும் மனைவியும் சேர்ந்துதான் அவரைத் திருப்பினோம். என் நாரி இழுத்தது, தலையணை நழுவியது. "பாஸ்டர் செய்தமாதிரி வையுங்கோ சேர்," என்றார் அவர். இரண்டாம் தரம் சரியாக வந்தது. முற்றத்தில் ஒருவர் வாடகை லான்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்தில் பம்பு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, ஆள் இருக்கிறாரோ என்று கேட்டார். மனைவி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வெளியே போய், என்ன பழுது என்று விசாரித்தார். எஞ்சினைத் திறக்கவேண்டிய வேலை. மனைவி கொட்டிலைத் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து கணவர், முடியாது என்று தலையை ஆட்டினார். வந்தவர் இறக்காமலே வண்டியைத் திருப்பினார்.